பழைய கணிப்பொறிக்குப் புதிய மூளை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எங்களுக்கு முன் பேசியவர்கள் இலக்கியத்தின் நயத்தையும் இசையின் இனிமையையும் எடுத்துரைத்துச் சென்றார்கள். நாங்கள் பேச வந்திருப்பதோ பிள்ளைகள் விளையாடும் கணிப்பொறியைப் பற்றி. இம்மேடைக்கு இது தகுமா என்று தயங்கினோம். செயலாளர் அவர்கள், "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், காலனியில் பாதி வீடுகளில் அதே வழக்குத்தான் நடக்கிறது" என்று வற்புறுத்தியதனால் துணிந்தோம். "நாங்கள்" என்று சொல்வது பெருமைக்கன்று. செய்த காரியத்தில் எங்கள் வீட்டார் ஐவர்க்கும் பங்கு உண்டு, தவற்றிலும் அவ்வாறே.

வழக்கு இன்னதென்று நீங்கள் அறிவீர்கள். பிள்ளை சொல்கிறான், "கணிப்பொறி பழையதாகிவிட்டது, புதியது வேண்டும்" என்று. தந்தை சொல்கிறார், "விளையாட்டுக்கு எதற்குப் புதியது?" என்று. தாய் இருவர்க்கும் நடுவில் நின்று சீட்டுப் பணத்தை எண்ணிப் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் இது இரண்டாண்டுகள் நடந்தது. இறுதியில் மகன் கேட்பதையே நிறுத்திக் கொண்டான். கேட்கிற பிள்ளையை அடக்கிவிடலாம். கேட்காமல் இருக்கிற பிள்ளையின் முன் உட்கார்ந்து உண்பது எளிதன்று.

அந்தக் கணிப்பொறியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2017-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வாங்கியது. அதன் ப்ராஸஸர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3 1200. நான்கு கருக்கள் கொண்டது. அவ்வாண்டு ஜூலையில்தான் கடைக்கு வந்திருந்தது. மதர்போர்டு பி350 வகை. மெமரி எட்டு ஜி.பி., ஒரே துண்டு. (ப்ராஸஸரைச் "செயலி" என்று எழுதுவதே எங்களுக்கு விருப்பம். ஆனால் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்பையும் இன்று செயலி என்றே சொல்கிறார்கள். கடையில் போய்ச் செயலி கேட்டால் குழப்பம் வரும். ஆதலின் கடைக்காரர் சொல்லையே இன்று மாலை பயன்படுத்துகிறோம், தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.)

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மகளுக்கும் மகனுக்கும் அதுவே பள்ளிக்கூடமாயிற்று. காலையில் மகளுக்கு வகுப்பு, பிற்பகலில் மகனுக்கு. பிள்ளைகள் வளர்ந்தார்கள், கணிப்பொறி அப்படியே இருந்தது. மகள் வணிகவியல் பட்டம் படிக்கலானாள். கணக்கு வேலைக்கு அதே பொறிதான். மகனோ மாலையில் ஒரு மணி நேரம் நண்பர்களோடு விளையாட அதைத்தான் நம்பியிருந்தான். அவன் விளையாட்டு கவுண்ட்டர் ஸ்ட்ரைக். 2023 செப்டம்பரில் அதன் பழைய வடிவம் போய், கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. அன்று முதல் எங்கள் பொறி திணறலாயிற்று. எதிரணியினர் இருவர் ஒரே வேளையில் தோன்றினால், புகைக் குண்டு வெடித்தால், திரை ஒரு கணம் உறைந்து நிற்கும். மீண்டும் அசையும்போது இவன் ஆட்டமிழந்திருப்பான். ஐந்து பேர் கொண்ட அணியில் நால்வர் இவனால் தோற்கிறார்கள். "உன்னைச் சேர்த்துக்கொண்டால் தோல்விதான்" என்று தாராவியிலிருந்து ஆடும் அவன் நண்பனே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னானாம். அதை எங்கள் மகன் சிரித்துக்கொண்டு எங்களிடம் சொல்லவில்லை.

முதலில் நாங்கள் செய்தது தவறு. அதையும் ஒளிக்காமற் சொல்கிறோம். 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், "கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் எல்லாம் சரியாகும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, ஏற்கெனவே இருந்த ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கார்டைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு, ஒருவர் பயன்படுத்திய ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் கார்டை வாங்கினோம். நல்ல கார்டுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரை உறைவது நிற்கவில்லை. படம் அழகாயிற்று, ஆட்டம் அப்படியே. செலவு செய்த பின்னும் குறை தீராவிட்டால் வீட்டில் யார்மீது கோபம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. "விளையாட்டின்மேல் பழி போடாதே, உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று நாங்களே சொல்லிவிட்டோம். அச்சொல்லை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அவனும் இவ்வவையில் இருக்கிறான்.

2025 ஏப்ரலில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின், அவனை அழைத்துக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போனோம். நம்மில் பலர்க்கு அவ்விடம் பழக்கம். மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ஏறிக் கிராண்ட் ரோட்டில் இறங்கினால் கிழக்கே நடக்கும் தூரந்தான். 1903 முதல் 1907 வரை பம்பாயின் கவர்னராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. டாக்டர் தாதாசாகிப் பட்கம்கர் மார்க் என்று சாலைக்குப் பெயர் மாற்றியும் மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது. அங்கே ஒரு கடையில் எங்கள் பொறியின் விவரத்தைக் கேட்டவர், பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், "எட்டு வருடப் பழசு, எல்லாவற்றையும் எடுத்துப் போடுங்கள்" என்று சொல்லி, அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதித் தந்தார். மகன் அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றான். இரயிலில் இருவரும் பேசவில்லை.

அன்றிரவு எங்கள் தந்தையார் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் மாட்டுங்கா ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரயில் பெட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை உள்ளே கொண்டுவந்து, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் ஓடவிடும் இடம் அது. கணிப்பொறி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கடைக்காரரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டதில்லை. "இதிலே எது தேய்ந்து போச்சு?" என்று பேரனைப் பார்த்துக் கேட்டார். பேரன், "எல்லாம் பழசு, தாத்தா" என்றான். "பழசு வேறே, தேஞ்சது வேறேடா" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. விடை கண்ட முறையைச் சற்று விரித்துச் சொல்கிறோம். இவ்வுரையில் பயன்படக்கூடிய பகுதி இதுவே.

விளையாட்டு நடக்கும்போது வேலை இரண்டாகப் பிரிகிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்ந்தது, கதவு திறந்ததா, காலடி ஓசை எப்பக்கம் கேட்க வேண்டும் என்று கணக்கிடுவது ப்ராஸஸர். கணக்கிட்டதைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். பரிமாறப் பத்துப் பேர் கைகட்டி நின்றாலும், சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாளி வந்தாலன்றோ இலையில் விழும்? நாங்கள் பரிமாறுபவரை மாற்றினோம். குறையோ அடுப்பங்கரையில் இருந்தது.

அதை எவ்வாறு அறிவது? சோதனை எளியது, காசு செலவில்லை. விளையாட்டில் படத்தின் அளவு 1920க்கு 1080 என்று இருந்தால் அதை 1280க்கு 720 என்று குறைக்க வேண்டும். படம் சிறுத்தால் வரையும் வேலை குறையும்; கணக்கிடும் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அளவைக் குறைத்ததும் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால், இதுவரை தடுத்தது கார்டு. ஏறாமல் அங்கேயே நின்றால், தடுப்பது ப்ராஸஸர் அல்லது அதற்குத் துணை நிற்கும் மெமரி. எங்கள் பொறியில் எண்ணிக்கை அசையவில்லை. விண்டோஸிலேயே டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ப்ராஸஸரின் நான்கு கருக்களும் நூறு விழுக்காட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. கார்டோ பாதிக்குச் சற்று மேலே சும்மா இருந்தது. எங்கள் தந்தையார் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே இன்னொன்று. நொடிக்கு எத்தனை படம் என்னும் சராசரியை மட்டும் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் திரை நொடிக்கு 60 முறை மட்டுமே மாறுவது. அதற்கு மேல் எத்தனை படம் வந்தாலும் கண்ணுக்கு முழுதும் எட்டாது. அறுபது என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. ஒரேயொரு படம் 80 மில்லிநொடி தாமதித்தாலும் போதும், சராசரி குறையாது, ஆட்டம் போய்விடும். ஆகவே மகனிடம் சராசரியைக் கேட்காமல், "மிகத் தாழ்ந்தபோது எவ்வளவு?" என்று கேட்டோம். தொண்ணூறு என்று பெருமை பேசிய பொறி, புகை நடுவில் முப்பதுக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

மெமரியிலும் ஒரு வேடிக்கை கண்டோம். துண்டின்மேல் 3000 என்று எழுதியிருக்கிறது. பொறியோ அதை 2133 வேகத்திலேயே எட்டு ஆண்டுகளாக ஓட்டியிருக்கிறது! முழு வேகத்தில் ஓட்டப் பயாஸில் ஓர் அமைப்பை ஏற்றிவைக்க வேண்டுமாம். வாங்கியபோது ஒருவரும் ஏற்றவில்லை. மேலும் ஒரே துண்டாக இருந்ததால் ஒருவழிப் பாதை போல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு துண்டு போட்டால் இரு பாதையும் திறக்கும். இவ்விரண்டையும் முதலில் செய்து பாருங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு இதனாலேயே சிறிது முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் போதவில்லை.

இனி, எட்டு ஆண்டுப் பழைய மதர்போர்டில் புதிய ப்ராஸஸர் உட்காருமா என்பது கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை "உட்காராது" என்பதே. எங்களுக்கு வாய்த்தது நற்பேறு. அந்த நற்பேற்றுக்கு ஒரு வரலாறு உண்டு.

ப்ராஸஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட்டு என்று பெயர். எங்களுடையது ஏ.எம்.4. ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் வரிசையை 2017 மார்ச்சில் இந்தச் சாக்கெட்டில்தான் தொடங்கியது. அதன்பின் வந்த தலைமுறைகளையும் அதிலேயே அமையுமாறு செய்தது. ஆயினும் 2020 மே மாதத்தில், இனி வரப்போகும் புதிய தலைமுறைக்குப் பழைய மதர்போர்டுகள் உதவா என்று அறிவித்தது. உலகெங்கும் வாங்கியவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் நிறுவனம் இறங்கிவந்து, 400 வரிசை மதர்போர்டுகளுக்கு இடம் தந்தது. எங்களுடையதைப் போன்ற 300 வரிசைக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, 2017-இல் வாங்கிய பலகையில் 2022-இல் பிறந்த ப்ராஸஸரை வைக்க முடிந்ததென்றால், அது கம்பெனியின் கருணை மட்டுமன்று. கேட்டுப் பெற்றதும் ஆகும்.

இன்டெல் பொறி வைத்திருப்போர் இவ்வகையில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். எல்.ஜி.ஏ. 1151 என்னும் பெயரே தாங்கிய சாக்கெட்டு 2015-இலும் வந்தது. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறையோடும் வந்தது. பெயர் ஒன்றே, ஆனால் பின்னதன் ப்ராஸஸர் முன்னதன் பலகையில் வேலை செய்யாது. பெயரை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. மடிக்கணிப்பொறிக்காரர்களுக்கு இக்கவலையே இல்லை. இப்போது வருபவற்றில் ப்ராஸஸரைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். மாற்ற வழியில்லை, மெமரியாவது மாற்ற முடிந்தால் நலம்.

நாங்கள் தேர்ந்தது ரைசன் 5 5600. ஆறு கருக்கள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு வேலையை ஏற்பதால் பன்னிரண்டு வேலை ஒரே வேளையில் நடக்கும். பழையதில் நான்கே. அதைவிட முக்கியம் என்று எங்களுக்குத் தோன்றியது ப்ராஸஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்னும் சிறு மெமரி. சமைக்கிறவர் கைக்கு எட்டும் இடத்தில் அஞ்சறைப் பெட்டி இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் உக்கிராண அறைக்கு ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. பழையதில் அப்பெட்டி 8 எம்.பி.; புதியதில் 32 எம்.பி. இதன்மேல் இன்னோர் அடுக்கு ஏற்றி 96 எம்.பி. ஆக்கிய 5800எக்ஸ்3டி என்பதும் அதே 2022-இல் வந்தது. மகனின் கண் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் எங்கள் கார்டுக்கும் அறுபது முறை மாறும் திரைக்கும் அது வேண்டியதில்லை என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். எங்களைக் கவர்ந்தது வேறொரு செய்தி. பழையதற்கும் புதியதற்கும் வெப்ப அளவு ஒன்றே, 65 வாட். மின்சாரப் பெட்டியையோ விசிறியையோ மாற்ற வேண்டியதில்லை. விலைப்பட்டியலில் இரண்டு வரி அடிபட்டது.

இருந்தும் வீட்டில் ஒப்புதல் கிடைத்தது விளையாட்டுக்காக அன்று. மகள் ஒரு செய்தி சொன்னாள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். விண்டோஸ் 11-ஓ எங்கள் பழைய ப்ராஸஸரை ஏற்காது. தன் கணக்கு வேலைகளை அதில் எப்படி நம்பிச் செய்வது என்று கேட்டாள். புதிய ப்ராஸஸர் அப்பட்டியலில் இருக்கிறது. "என்னங்க, அப்ப ஒரே செலவிலே ரெண்டு பேருக்கும் ஆகுமா?" என்று அவள் தாய் கேட்டாள். ஆகும் என்றோம். சீட்டுப் பணத்திலிருந்து பதினைந்தாயிரம் எடுத்துத் தந்தாள். மகளின் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

மீண்டும் லாமிங்டன் ரோடு, வேறு கடை. ப்ராஸஸர் பன்னிரண்டாயிரத்துக்குள் அமைந்தது. அதே வகை மெமரித் துண்டு இன்னொன்று, தெர்மல் பேஸ்ட் ஒரு குழல். ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நிறுவனத்தின் பெட்டியோடும் தருவார்கள். "ட்ரே" என்று சொல்லி வெறும் ப்ராஸஸராகவும் தருவார்கள். பின்னது சில நூறு ரூபாய் குறைவு. விசிறி வராது, நிறுவனத்தின் உத்தரவாதமும் பெரும்பாலும் வராது. பெட்டியையே கேளுங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

மாற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பழைய ப்ராஸஸர் உள்ளே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மாற்றியபின் செய்யலாம் என்று நினைத்தால், பழைய பயாஸுக்குப் புதிய ப்ராஸஸரை அடையாளம் தெரியாது, திரை கறுத்தே கிடக்கும். மதர்போர்டு செய்தவரின் தளத்தில், அதே பெயர், அதே எண் உள்ள பலகைக்கு உரிய கோப்பைத்தான் எடுக்க வேண்டும்; பி350 என்று பொதுவாகப் பார்த்து எடுக்கலாகாது. சில பலகைகளில் ஒரே தாவலில் புதியதற்குப் போக முடியாது, நடுவில் ஒரு படி ஏறிப் போகச் சொல்வார்கள். புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பலகை பாழாகக் கூடும். நம் பகுதியில் பெஸ்ட் மின்சாரம் நம்மைக் கைவிடுவது அரிது. ஆயினும் 2020 அக்டோபர் 12-ஆம் நாள் மும்பை முழுவதும் இருண்டதை மறவாத எங்கள் தந்தையார், எதிர்வீட்டிலிருந்து ஒரு யு.பி.எஸ். இரவல் வாங்கி வைத்தபின்தான் பொத்தானை அழுத்தவிட்டார்.

அடுத்தது விசிறியைக் கழற்றுவது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏ.எம்.4 ப்ராஸஸரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. விசிறிக்கும் ப்ராஸஸருக்கும் இடையிலுள்ள பேஸ்ட், ஆண்டுகள் சென்றால் அம்மிக்கல்லில் காய்ந்த சந்தனம்போல் இறுகிவிடும். நேரே மேலே இழுத்தால் ப்ராஸஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு கூடவே வரும்; ஊசிகள் வளையும். ஆகவே பொறியைப் பத்து நிமிடம் ஏதாவது விளையாட்டில் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும். எங்கள் தந்தையார் திருகாணியைக் கையில் பிடித்ததும் அவர் விரல்கள் நடுங்காமல் நின்றதைப் பார்த்தோம். மற்ற வேளைகளில் காப்பித் தம்ளர் பிடித்தாலே நடுங்கும் விரல்கள் அவை.

உள்ளே எட்டு ஆண்டுத் தூசி! கடற்காற்றின் ஈரமும் இரயில் பாதைத் தூசியும் சேர்ந்து விசிறி இறகுகளில் கம்பளிபோல் படிந்திருந்தது. பாதி வெப்பத்துக்கு அதுவே காரணமாயிருந்திருக்கும். வர்ணப் பிரஷ்ஷால் துடைத்தோம். புதிய ப்ராஸஸரின் ஒரு மூலையில் ஒரு சிறு பொன் முக்கோணம் இருக்கிறது. சாக்கெட்டிலும் அதே குறி. இரண்டையும் பொருத்தி வைத்தால் தன் எடையாலேயே இறங்கி உட்காரும். அழுத்தலாகாது, அழுத்தித்தான் உட்காரும் என்றால் தவறாக வைத்திருக்கிறோம் என்று பொருள். பட்டாணி அளவு பேஸ்ட், அதன்மேல் விசிறி, குறுக்குக் குறுக்காக நான்கு திருகாணிகள்.

மின்சாரம் கொடுத்ததும் திரை கறுத்தே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மகனின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. பதினைந்தாயிரமும் போயிற்று என்று எங்களில் ஒருவர் மனத்தில் நினைத்தது பொய்யன்று. புதிய மெமரியை அளந்து பார்த்துப் பழகப் பொறிக்குச் சற்று நேரம் வேண்டுமாம்; அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. பிறகு தானே ஒருமுறை அணைந்து, மீண்டும் எழுந்து, எழுத்துகள் தோன்றின. எங்கள் தாத்தா — பிள்ளைகள் அழைக்கும் பெயரையே நாங்களும் சொல்லிவிட்டோம் — "ஓடுதா?" என்று கேட்டார். ஓடிற்று.

அன்று மாலை நாங்கள் அவனுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்தோம். முதன்முறையாக. புகை நடுவிலும் எண்ணிக்கை தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. முப்பதுக்கும் கீழே விழுந்த அதே இடம். அணியில் யாரோ இந்தியில் இவனைப் பாராட்டுவது காதுக்கருவிக்கு வெளியேயும் கேட்டது. ஆட்டம் வென்றார்களா என்றால், இல்லை, தோற்றார்கள். "இப்ப நான்தான் தப்பு பண்ணினேன், பொறி இல்லை" என்று மகன் சொன்னான். அவன் குரலில் இரண்டாண்டாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

இதைக் கேட்டு எல்லோரும் நாளையே ப்ராஸஸர் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அந்தத் தாராவி நண்பனின் பொறி 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை. அந்தச் சாக்கெட்டில் அதற்கு மேல் வைக்கத்தக்கது, ஒருவர் பயன்படுத்திக் கழித்த அதே காலத்து ஐ7 ஒன்றே. மெமரியும் பழைய டி.டி.ஆர்.3. எங்கள் வெற்றியைப் பார்த்து அவனும் செலவிட முனைந்தான். நாங்கள் தடுத்தோம். அங்கே பலகையே எல்லைக்கு வந்துவிட்டது. கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து, முழுதும் மாற்றுவதே அவனுக்கு நல்லது. ஆனால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் மெமரி விலை வெகுவாக ஏறிவிட்டது. புதிய பலகைக்குப் புதிய டி.டி.ஆர்.5 மெமரியும் வேண்டும். அவன் சேர்த்த பணம் ஓடிக்கொண்டே இருக்கும் இலக்கைத் துரத்துகிறது. இப்போதைக்கு அவன் வாரம் இருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து ஆடுகிறான். அவன் ஆடும்போது எங்கள் மகன் பின்னால் நிற்கிறான்.

மகளின் கட்டணம் என்னவாயிற்று என்று தாய்மார்கள் கேட்பீர்கள். கட்டியாயிற்று. பழைய மெமரியும் ப்ராஸஸரும் விற்ற பணம் அதில் சேரவில்லை, ஏனெனில் விற்கவில்லை. 1050 டிஐ கார்டை அவசரப்பட்டுக் கொடுத்ததை நினைத்து இப்போது வருந்துகிறோம். அது இருந்தால் சங்கத்தின் மாலை வகுப்புக்கு ஒரு பொறி கட்டியிருக்கலாம். பழைய ரைசன் 3 ஊசி வளையாமல், புதியது வந்த பெட்டியிலேயே, பத்திரமாயிருக்கிறது. ஏ.எம்.4 பலகை எவரிடமாவது சும்மா கிடந்தால், செயலாளரிடம் சொல்லுங்கள்.

உணவுக்குப் பின், வாயிலுக்கு அருகே இருக்கும் மேசையில் எங்கள் மகனும் அவன் நண்பனும் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பொறியின் மதர்போர்டுப் பெயர், ப்ராஸஸர் பெயர், ஆடும் விளையாட்டு, திரையின் வேகம், இந்நான்கையும் ஒரு தாளில் எழுதித் தந்தால், மாற்றலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வார்கள். பெயர் தெரியாதவர்கள் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரலாம். திருகாணி கழற்ற வேண்டியிருந்தால் எங்கள் தந்தையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.